பதினோராம் எண்ணுக்குப் போகாத காகிதம்

பிரின்மௌர் ஊரின் கிழக்கு ஓரத்தில், மலை இரண்டாகப் பிளந்து கிளிடாக் பள்ளத்தாக்குக்குள் இறங்கத் தொடங்கும் இடத்தில், குவாரி வரிசை என்று பதினான்கு வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. அங்கே பிறந்து வளர்ந்த எம்ரிஸுக்கு இருபத்தேழாவது வயதில் ஒரு புதுப் பெயர் வந்தது: எம்ரிஸ் கோன். சாலை வேலைக்காக மைல் கணக்கில் நட்டு வைத்திருந்த ஆரஞ்சு நிறக் கோன்கள்தான் காரணம். அந்த ஊரில் ஆளின் பிழைப்பைப் பார்த்துத்தான் பெயர் வைப்பார்கள். வைத்த பெயர் கல்லறை வரைக்கும் கூட வரும்.

பெயர் வைத்தவர் நான்காம் எண் வீட்டு கிளைவ். வாய் சும்மா இருக்காத மனிதர்.

"டேய் கோனு, உங்க ரோடு எப்பதான்டா முடியும்? எம் பேத்தி கல்யாணத்துக்குள்ளயா, இல்ல அவ பேத்தி கல்யாணத்துக்கா?"

"அவ மாப்பிள்ளை பாக்கட்டும் மாமா, தேதிய ஒத்துப் போட்டுரலாம்."

"பாரு, மூணு வருஷம் காலேஜுல படிச்சிட்டு வந்து கதவு ஓட்டையில காயிதம் போடுறான்."

"நாய் கடிக்காம போடணும்ல மாமா. அதுக்குத்தான் மூணு வருஷம்."

இப்படிச் சிரித்துப் பேசுவதுதான் அவன் வேலையின் பாதி. பள்ளத்தாக்குத் தலைச் சாலை என்னும் நெடுஞ்சாலையை இரட்டைச் சாலையாக அகலப்படுத்தும் கம்பெனியில் அவன் மக்கள் தொடர்பாளன். பாறையை வெடி வைத்துப் பெயர்ப்பது வேறு ஆட்கள். எந்த வார இறுதியில் சாலையை முழுசாக அடைக்கப் போகிறார்கள், மாற்று வழி எது, பேருந்து ஓடுமா ஓடாதா என்பதையெல்லாம் இரண்டு வாரம் முன்னதாக வீடு வீடாகச் சொல்வதுதான் இவன் பொறுப்பு. ஒவ்வொரு கதவிலும் தபால் போடும் ஓட்டை வழியாக ஒரு காகிதம் போட வேண்டும். போட்டதும் பட்டியலில் அந்த வீட்டு எண்ணுக்கு எதிரே டிக் அடிக்க வேண்டும்.

அவன் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவன்தான். புவியியல் படித்தான். படித்த படிப்புக்கும் இந்த வேலைக்கும் என்ன உறவு என்று குளிக்கும்போது அவனே தன்னைக் கேட்டுக்கொள்வான். சாலை அலுவலகத்துக் கூட்டங்களில் ஒரு மாதிரி பேசுவான், வரிசைக்குள் வந்தால் இன்னொரு மாதிரி. இரண்டில் எது தன் நாக்கு என்பதும் அவனுக்கு நிச்சயமில்லை.

ஆனால் சாலை வேண்டும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை. அதை அவன் தலையில் ஏற்றியவர் பதினோராம் எண் வீட்டு ஹேடன். அதே சாலையில் முப்பத்தொரு வருஷம் பேருந்து ஓட்டியவர். பழைய சாலைக்கு மூன்று லேன். நடு லேன் இரண்டு பக்கத்துக்கும் பொது. முந்துகிறவன் அதில் ஏறுவான். எதிரே வருகிறவனும் அதில்தான் ஏறுவான்.

"நடு லேன் யாருக்குச் சொந்தம்னு கேளு," என்பார் ஹேடன். "தைரியம் உள்ளவனுக்கு. எதிர வாரவனுக்கும் தைரியம் இருந்துச்சுன்னா ரெண்டு பேருக்கும் சவப்பெட்டி. நான் எத்தனை பேரை வெளிய இழுத்துப் போட்டிருக்கேன் தெரியுமா?"

ஊர்க் கூட்டத்தில் மரம் போகிறதே, வௌவால் போகிறதே என்று பலர் எழுந்து பேசியபோது, "வௌவால் வேற பொந்து பாத்துக்கும். மனுசனுக்கு ஒரே உசுருதான், ரோட்டப் போடுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தவர் அவர்.

ஹேடனின் மனைவி நெஸ்டா. எம்ரிஸின் அம்மா ஆலையில் மாலை வேலை பார்த்த வருஷங்களில் அவன் பள்ளிவிட்டு வந்து சாப்பிட்டதும் வீட்டுப்பாடம் எழுதியதும் நெஸ்டாவின் அடுப்பங்கரை மேசையில்தான். இரத்த உறவு கிடையாது. ஆனாலும் அவனுக்கு அவள் அத்தை. அந்த வரிசையில் உறவுக்கு ஒரே அடையாளம் எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறாய் என்பது. முன்வாசல் டாக்டருக்கும் பாதிரியாருக்கும் போலீஸுக்கும் சவப்பெட்டிக்கும். மற்றவர்கள் பின் சந்து வழியாக வந்து, பூட்டாத கதவைத் தள்ளி, "நான்தான்" என்று சொல்லிக்கொண்டே நுழைவார்கள். எம்ரிஸ் பதினோராம் எண்ணின் முன்வாசல் மணியை வாழ்நாளில் ஒரு தடவைகூட அழுத்தியதில்லை.

அதனால்தான் அந்தத் தவறு நடந்தது.

ஜனவரி கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. பிப்ரவரி இரண்டாம் வார இறுதியில், வெள்ளி இரவு எட்டு மணி முதல் திங்கள் காலை ஆறு மணி வரை, சாலை முழுசாக அடைப்பு. பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் ஆபர்கவென்னிக்குப் போகும் பேருந்து ஓடாது. எம்ரிஸ் வரிசையின் முன்பக்கமாக நடந்து பதின்மூன்று கதவுகளில் காகிதத்தைப் போட்டான். பதினோராம் எண்ணுக்கு மட்டும் போடவில்லை. சொந்த அத்தை வீட்டுக் கதவு ஓட்டையில் யாராவது அச்சடித்த காகிதத்தைப் போடுவார்களா? கடன்காரனும் கட்சிக்காரனும்தான் போடுவார்கள். உள்ளே போய், உட்கார்ந்து, வாயால் சொல்ல வேண்டும். எப்படியும் சொல்லப் போகிறோமே என்று பட்டியலில் டிக்கை அடித்துவிட்டு, காகிதத்தை மடித்து ஆரஞ்சு மேலங்கியின் உள்பையில் வைத்துக்கொண்டு பின் சந்துக்குச் சுற்றி வந்தான்.

நெஸ்டா துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். ஹேடனின் கோடு போட்ட இரவுச் சட்டை.

"பூட்ஸக் கழட்டு. நேத்துதான் தரை தொடைச்சேன்."

"மாமா எப்படி இருக்காரு?"

"ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்கடா. நுரையீரல்ல தண்ணியாம்." இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அந்த டாக்டர் பொண்ணு உன் வயசுதான் இருக்கும். எங்கையப் புடிச்சுக்கிட்டு, இனி மாசக் கணக்கு இல்ல, வாரக் கணக்குதான்னு சொல்லுச்சு. நல்ல பொண்ணு. கை மட்டும் ஐஸ் மாதிரி இருந்துச்சு."

எம்ரிஸ் எழுந்து தேநீர் போட்டான். அவள் அழவில்லை. சட்டையை மாட்டக் கொக்கி தேடினாள், பழ ரொட்டி வெட்டினாள், வெண்ணெய் தடவினாள், அவன் தட்டில் வைத்தாள். அவள் பேசப் பேச அவன் கேட்டுக்கொண்டிருந்தான். இந்த நேரத்தில் போய், அத்தை, அந்த வாரம் பஸ் ஓடாது என்று சொல்வதா? நாளைக்குச் சொல்லலாம். இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.

மறுநாள் கீழே தோண்டும்போது தண்ணீர்க் குழாய் உடைந்து நாற்பது வீட்டுக்குத் தண்ணீர் இல்லை. நாற்பது வீட்டின் திட்டையும் அவன்தான் வாங்கினான். அதற்கு அடுத்த நாள் வேறு ஒன்று. பட்டியலில் பதினோராம் எண்ணுக்கு டிக் இருந்தது. டிக் இருந்ததால் மனசும் அதை முடிந்த வேலையாக எடுத்துக்கொண்டது.

அடைப்பு தொடங்கும் வெள்ளிக்கிழமை மாலை ஆஸ்பத்திரியில் நர்ஸ் நெஸ்டாவிடம் கேட்டிருக்கிறாள், "இன்னைக்கு இங்கயே தங்கிக்கிறீங்களாம்மா? சாய்வு நாற்காலி தரேன்." நெஸ்டா யோசித்தாள். ஹேடனுக்குச் சுத்தமான சட்டை இல்லை, சவரக்கத்தி வீட்டில் இருக்கிறது. "காலைல முதல் பஸ்ஸுக்கே வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு ஆறு மணிப் பேருந்தில் வீடு திரும்பினாள். எட்டு மணிக்குச் சாலை அடைபட்டது.

சனி காலை ஆறரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். உடனே வாருங்கள். ஏழு பத்து பேருந்துக்கு அவள் ஏழு மணிக்கே போய் நின்றாள். நிறுத்தத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பை வியாழக்கிழமைக் காற்றே கொண்டுபோயிருந்தது. சாரல். எட்டு மணி வரை நின்றாள். எம்ரிஸுக்கு இரண்டு தடவை போன் போட்டாள். வெடி வைக்கிற இடத்துக்கு யாரும் கைப்பேசி கொண்டுபோகக் கூடாது என்பதால் அன்று அங்கே போயிருந்த அவன் போன் கொட்டகையில் பெட்டிக்குள் இருந்தது. கார் வைத்திருந்த கிளைவ், மகள் வீட்டுக்குப் போயிருந்தார். பக்கத்து ஊரான எபு வேலிலிருந்து ஒரு டாக்ஸி வந்து சேர எட்டே முக்கால் ஆனது. மாற்று வழி மலை மேலே. பனிமூட்டம். முன்னால் லாரிக்குப் பின்னால் லாரி, நடக்கிற வேகம். அவள் மடியில் சட்டையும் சவரக்கத்தியும். பத்து பத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். ஹேடன் ஒன்பது ஐம்பதுக்குப் போய்விட்டார்.

பதினோரு மணிக்கு எம்ரிஸ் பெட்டியைத் திறந்து போனை எடுத்தான். நெஸ்டா அத்தை, இரண்டு அழைப்பு. ஏன் என்று யோசித்துக்கொண்டே கையை உள்பைக்குள் விட்டான். காகிதம் நான்காக மடித்தபடி அங்கேயே இருந்தது.

சவ ஊர்வலம் பள்ளத்தாக்கு வழியாக மேலேறி வந்த நாளில் எம்ரிஸ் எல்லா இயந்திரங்களையும் நிறுத்த வைத்தான். நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்கள் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பாறையோரம் வரிசையாக நின்றார்கள். வேகம் குறைக்கும் பலகைகளுக்கு நடுவே அந்தக் கறுப்பு வண்டி நகர்ந்து போனது. அடக்கம் முடிந்து எல்லோரும் சாப்பிடக் கூடிய இடத்தில் ஹாம் சாண்ட்விச் தட்டோடு கிளைவ் அவன் தோளைத் தட்டினார். "நல்ல காரியம் பண்ணுனடா கோனு. ஹேடன் பாத்திருந்தா சந்தோசப்பட்டிருப்பான்." எதிர்ப்பக்கம் நெஸ்டா கறுப்பு உடையில் உட்கார்ந்து, வந்தவர்களிடம் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். "இருபது நிமிசம். தெரிஞ்சிருந்தா நாற்காலியிலேயே உக்காந்திருப்பேன்."

அதோடு போயிருந்தால் ஒருவேளை அவன் சொல்லாமலே இருந்திருப்பான். கிளைவ் விடவில்லை. நெஸ்டாவுக்குக் காகிதமே வரவில்லை என்று கம்பெனிக்குப் புகார் எழுதினார். கம்பெனி பட்டியலைப் பார்த்தது. மேலாளர் ஹேரியட் கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் பதினோராம் எண்ணுக்குப் போனது. ஆழ்ந்த வருத்தம்; ஆனால் எங்கள் பதிவேட்டின்படி அறிவிப்பு தங்கள் இல்லத்தில் சேர்க்கப்பட்டுள்ளது. எழுதியனுப்பும் முன் ஹேரியட் அவனைக் கூப்பிட்டு, "டிக் உன்னோடதுதானே?" என்று கேட்டாள். "ஆமா" என்றான். அது பொய்யில்லை. பொய்யில்லை என்று அன்று முழுவதும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பொய்யில்லாத ஒன்றை இத்தனை தடவை சொல்லிக்கொள்ள வேண்டிய தேவை என்ன என்று பிறகு தோன்றியது.

நெஸ்டா கடிதத்தை நம்பினாள். அதுதான் வினை.

"பதிவேட்டுல இருக்குன்னா வந்திருக்கும்," என்றாள் கிளைவிடம். "நான்தான் எங்கயோ வெச்சிட்டேன்."

முதலில் மேசை இழுப்பறையைத் தேடினாள். பிறகு பரண், ஹேடனின் கோட்டுப் பைகள், கம்பளத்துக்கு அடியில். அப்புறம் தேடுவதை நிறுத்திவிட்டு வேறொன்றுக்குப் பயப்படத் தொடங்கினாள். அவள் அம்மா கடைசிக் காலத்தில் கெட்டிலைக் கொண்டுபோய்க் குளிர்பெட்டியில் வைத்தவள். பெற்ற மகளிடமே நீ யார் என்று கேட்டவள். அடுப்புக்கு மேலே 'அணைத்தாயா' என்று ஒரு சீட்டு வந்தது. கதவில் 'சாவி' என்று ஒன்று. கடற்கரை ஊரான போர்த்காலில் இருக்கும் தங்கை, வீட்டை விற்றுவிட்டு இங்கேயே வந்துவிடு என்றாள். நெஸ்டா, சரி, டாக்டர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு முடிவு பண்ணலாம் என்றாள். ஞாபகப் பரிசோதனைக்கு நாள் குறித்தாகிவிட்டது.

எம்ரிஸ் தன் அம்மாவிடம் சொன்னான். அம்மா ஆலைச் சீருடையோடு சோபாவில் காலை நீட்டியிருந்தாள்.

"இப்பச் சொல்லி என்ன ஆகப் போவுது? ஹேடன் எந்திரிச்சு வரப் போறாரா?"

"அவங்க தன் மூளை கெட்டுப் போச்சுன்னு நெனைக்கிறாங்கம்மா."

"டாக்டர் நல்லாருக்குன்னு சொல்லிட்டா முடிஞ்சு போச்சு. நீ வேலையத் தொலைச்சுக்காதே. எத்தனை நாள் வீட்டுல சும்மா உக்காந்திருந்த, மறந்து போச்சா?"

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவனை இன்னொரு கேள்விதான் குடைந்தது. சொன்னால் யாருக்கு நல்லது? அத்தைக்கா, இல்லை தன் நெஞ்சுப் பாரம் இறங்கவா? விடை தெரியவில்லை. விடை தெரிந்த பிறகு போகலாம் என்று இருந்ததில் இன்னும் ஒரு வாரம் போனது.

மார்ச் இருபத்திரண்டு, வெள்ளி மதியம். பின் கதவைத் தள்ளிக்கொண்டு, "நான்தான்" என்று நுழைந்தான். நெஸ்டா மூக்குக்கண்ணாடியோடு மேசையில் குனிந்து ஏதோ வரைந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"வா. பூட்ஸக் கழட்டு. நாளானிக்கு மறுநாள் டெஸ்டு. கடியாரம் வரையச் சொல்வாங்களாம். பதினொன்னு பத்துன்னு முள்ளு வெக்கணுமாம். நம்ம வரிசை பெரிலோட அக்காவுக்குக் கேட்டாங்களாம்."

மேசை முழுக்கக் கடிகாரங்கள். வட்டம் வட்டமாக, எண் போட்டு, முள் போட்டு. சிலதில் எண்கள் ஒரு பக்கமாக நெருங்கிப் போயிருந்தன. காகிதத்தைத் திருப்பிப் பார்த்தான். கம்பெனியின் கடிதம். அதன் பின்பக்கத்தில்தான் வரைந்திருந்தாள்.

"எம்ரிஸ், ஒன்னு கேக்கணும்னு இருந்தேன்," என்றாள். "நீ காயிதம் போட்ட அன்னைக்கு நான் வீட்ல இருந்தேனா? எடுத்தேனா? நீ பாத்தியா? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லு. அந்த நாளு எனக்கு வெள்ளையாவே இருக்கு."

அவன் உட்காரவில்லை. "நான் போடல அத்தை."

"என்ன?"

"போடவே இல்ல. நேர்ல சொல்லலாம்னு பின்பக்கமா வந்தேன். நீங்க மாமாவப் பத்திப் பேசிக்கிட்டிருந்தீங்க. சொல்ல முடியல. அப்புறம் மறந்துட்டேன். டிக் மட்டும் போட்டுட்டேன்." உள்பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தான். மடிப்பு நைந்து, கிழியப் பார்த்தது.

நெஸ்டா அதைப் பிரித்துத் தேதியைப் படித்தாள். பிறகு, அவன் எதிர்பார்க்காதது, சிரித்தாள். மார்பில் கை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தாள்.

"அப்ப நான் தொலைக்கல."

"இல்ல."

"என் தலை நல்லாத்தான் இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு அத்தை."

"ஐயோ சாமி." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள். வரைந்த கடிகாரங்களை ஒன்றுசேர்த்துத் தட்டி அடுக்கினாள். அடுக்கி முடித்ததும் அவள் கை நின்றது. சிரிப்பு எப்போது போனது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இது எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"அன்னைக்கே. பதினோரு மணிக்கு."

"அன்னைக்கே." மேசையைப் பார்த்துச் சொன்னாள். "அவரு செத்து ஒரு மணி நேரத்துல உனக்குத் தெரியும். அடக்கத்தன்னிக்கு எம் பக்கத்துல நின்ன. நான் பரண்ல ஏறித் தேடுனப்ப நீதான்டா ஏணியப் புடிச்ச."

அது உண்மை. அவன்தான் பிடித்தான்.

"மறக்குறது மனுசனுக்கு வரும்," என்றாள். "ஹேடன் ஒரு தடவை பஸ்ஸுக்குள்ள என்னைய வெச்சிக்கிட்டே என் நிறுத்தத்த விட்டுட்டுப் போனவரு. அதுக்கு நான் உன்னைய ஒன்னும் சொல்லல. ஆனா ஆறு வாரம். ஆறு வாரமா என்னைய எனக்கே பைத்தியக்காரியாக்கிட்டு, நான் போட்ட டீயக் குடிச்சிருக்க."

"அத்தை..."

"பூட்ஸ மாட்டு."

மாட்டினான். கயிற்றைக் கட்டவில்லை. பின் கதவுக்கு நடந்தான். "அந்த வழியா வேணாம்," என்றாள் நெஸ்டா. முன்னறை வழியாக நடந்துபோய், கனத்த தாழ்ப்பாளை இழுத்து முன் கதவைத் திறந்தாள். ஹேடனின் சவப்பெட்டி வெளியே போன பிறகு அது திறக்கப்படவில்லை. ஈரத்தில் உப்பியிருந்ததால் இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது.

"இனிமே உனக்கு இதுதான் வாசல். காயிதம் இருந்தா ஓட்டையில போடு. உள்ள வராத."

திங்கட்கிழமை அவன் ஹேரியட்டிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் நாற்காலியில் பின்னால் சாய்ந்து, "வாயால சொன்னா போதும், எழுத்துல கொடுக்காத" என்றாள். அவன் எழுதிக் கொடுத்தான். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று அவனுக்கு வந்தது. வேலையை விட்டு எடுக்கவில்லை. வீட்டு எண்ணோடு ஆள் பெயரும் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பதினோராம் எண்ணுக்கு இரண்டாவது கடிதம் போனது: எங்கள் பதிவேடு தவறானது. நெஸ்டா அதைக் கிளைவிடம் காட்டினாள். அன்றிலிருந்து கிளைவ் அவனைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். "எம்ரிஸ்" என்று முழுசாகக் கூப்பிட்டார். அந்தப் பெயர் அவனுக்கு அவ்வளவு கனமாக இருந்ததே இல்லை.

நெஸ்டா பரிசோதனைக்குப் போகவில்லை. வீட்டையும் விற்கவில்லை. சமையலறைச் சீட்டுகள் ஒவ்வொன்றாக இறங்கின என்று அம்மா வந்து சொன்னாள். 'அணைத்தாயா' மட்டும் இன்னும் இருக்கிறதாம். அது நல்லதுக்குத்தானே என்றாளாம்.

மே மாதத்தில் அடுத்த அடைப்பு. எம்ரிஸ் வரிசையின் ஒரு முனையிலிருந்து தொடங்கினான். ஒன்று, இரண்டு, மூன்று. போட்டுவிட்டு டிக். போடாமல் டிக் இல்லை. கீழே பள்ளத்தாக்கில் புதுப் பாலத்தின் மேல் தார் ஊற்றும் வாசனை மேலே வந்துகொண்டிருந்தது. நடு லேன் இனிமேல் இல்லை. போக ஒரு வழி, வர ஒரு வழி, நடுவில் இரும்புத் தடுப்பு. ஹேடன் கேட்டது அதைத்தான்.

பதினோராம் எண்ணின் முன் நின்றான். மணிப் பொத்தானைப் பார்த்தான். கதவின் பித்தளைத் தகடு துலக்கியிருந்தது. காகிதத்தை நீளவாக்கில் மடித்து ஓட்டையில் பாதி நுழைத்தான். உள்ளே கெட்டில் கொதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு காலடிச் சத்தம், கதவை நோக்கி. அவன் விரல்கள் காகிதத்தின் நுனியை இன்னும் விடவில்லை.

மறுபக்கமிருந்து ஒரு கை அதைப் பற்றி இழுத்தது. ஒரு கணம் இரண்டு பேரும் பிடித்திருந்தார்கள். பிறகு அவன் விட்டான்.

"எந்தத் தேதி?" கதவுக்கு அந்தப் பக்கமிருந்து குரல்.

"பதினேழு ராத்திரியிலருந்து இருபது காலை வரைக்கும் அத்தை. பஸ் ஓடாது."

உள்ளே காகிதம் பிரியும் சத்தம். அவள் படித்துச் சரிபார்க்கும் வரை அவன் நின்றான்.

"சரி," என்றது குரல். காலடிகள் உள்ளே திரும்பிப் போயின. கெட்டிலின் சத்தம் நின்றது.

அவன் பட்டியலை எடுத்துப் பதினொன்றுக்கு எதிரே டிக் போட்டான்.